ஹார்லி-டேவிட்சனின் வளர்ச்சியும் தளர்ச்சியும்

தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயில்வோன் ஒருவன் மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுதப் புகுதல் நண்பர் சிலர்க்கு நகை விளைத்தல் கூடும். அரசுகளின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் நாம் வரலாற்று நூல்களிற் கற்கின்றோம். தொழில் நிலையங்கட்கும் அத்தகைய ஏற்றத் தாழ்வுகள் உண்டு. அவையும் ஆராய்வார்க்குப் படிப்பினை தருவனவே. ஆதலின், அமெரிக்க நாட்டு ஹார்லி-டேவிட்சன் கம்பெனி வளர்ந்தவாற்றையும் தளர்ந்தவாற்றையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவல்.

தோற்றம்

விஸ்கான்ஸின் மாகாணத்து மில்வாக்கி நகரில், 1903-ஆம் ஆண்டில், வில்லியம் ஹார்லி, ஆர்தர் டேவிட்சன் என்னும் இளைஞர் இருவர் ஒரு சிறு மரக்கொட்டகையில் தம் முதல் வண்டியைச் சமைத்தனர். ஆர்தரின் உடன்பிறந்தார் இருவரும் அவர்களோடு கூடினர். 1909-இல் அவர்கள் இரட்டை உருளை இயந்திரம் பூண்ட வண்டியை வெளியிட்டனர். அவ்விரண்டு உருளைகளும் 45 பாகைக் கோணத்தில் விரிந்து நிற்பன. அவற்றின் தண்டுகள் இரண்டும் ஒரே முளையிற் பிணைக்கப்பட்டமையால் வெடிப்புகள் ஒத்த இடைவெளியில் நிகழா. அதனால் எழும் விட்டுவிட்டு அதிரும் முழக்கமே இவ்வண்டியின் அடையாளமாயிற்று. அவ்வொலியையே தமக்குரிய வணிகக் குறியாகப் பதிவு செய்ய 1994-இல் கம்பெனியார் விண்ணப்பித்தனர். எதிர்ப்பு நீடித்தமையால் 2000-இல் அம்முயற்சியைக் கைவிட்டனர்.

முதல் தளர்ச்சியும் மீட்சியும்

1929-இல் தொடங்கிய பொருளாதார மந்தத்தையும் இந்நிலையம் தாங்கி நின்றது. இதனோடு போட்டியிட்ட ‘இந்தியன்’ என்னும் கம்பெனி 1953-இல் தொழிலை நிறுத்திற்று. போட்டியாளர் இன்மை சில ஆண்டுகட்கு நன்மை போலத் தோன்றிற்று. ஆயின், 1959-இல் ஜப்பானிய ஹோண்டா கம்பெனி அமெரிக்காவிற் கால் வைத்தது. பத்தாண்டு கழித்து நான்கு உருளைகளையுடைய 750 சி.சி. வண்டியை வெளியிட்டது. அதே 1969-இல் ஹார்லி-டேவிட்சன் ஏ.எம்.எப். என்னும் பெருங் கம்பெனியின் கைக்குச் சென்றது. உற்பத்தி பெருகிற்று, செய்திறன் குன்றிற்று. எண்ணெய் கசியும் வண்டி என்ற அவப்பெயர் பரவலாயிற்று.

1981-இல், ஸ்தாபகரின் பேரர் ஒருவர் உட்பட அதிகாரிகள் பதின்மூவர், ஏறக்குறைய 8 கோடி டாலர் கொடுத்து நிலையத்தை மீட்டனர்; அத்தொகையிற் பெரும்பகுதி கடன். 1983-இல் குடியரசுத் தலைவர் ரீகன், 700 சி.சி.க்கு மேற்பட்ட அயல்நாட்டு வண்டிகள்மீது 45 விழுக்காடு மிகைவரி விதித்தார். அஃது ஐந்தாண்டுகளிற் படிப்படியாகக் குறைதற்குரியது. தொழிலாளரும் மேலாளரும் ஒருங்கு முயன்று செய்திறனைத் திருத்தினர். 1984-இல் புதிய இயந்திரம் வெளிவந்தது. 1987-இல், அவ்வரியை நீக்கிவிடுக என்று கம்பெனியாரே சர்க்காரை வேண்டிக்கொண்டனர். வணிக வரலாற்றில் அரிதாகக் காணப்படும் செயல் இது.

இரண்டாம் தளர்ச்சி

அதன்பின் இருபதாண்டுகள் ஏறுமுகமே. 2006-இல் ஏறக்குறைய 3,49,000 வண்டிகள் தொழிற்சாலையினின்று வெளிப்போந்தன. அதுவே உச்சம். 2019-இல் உலகெங்கும் வாங்குவோர் கைக்குச் சென்றவை ஏறக்குறைய 2,18,000. 2024-இல் 1,51,000 அளவே. மிஸ்ஸௌரி மாகாணத்துக் கான்சாஸ் நகரில் இருந்த தொழிற்சாலை 2019-இல் மூடப்பட்டது. ஏறக்குறைய 800 பேரின் வேலை அங்கு இல்லாது போயிற்று. இத்தொகைகளை வாசிக்குங்கால், அவற்றின் பின்னே அடுப்பெரியும் வீடுகள் உள்ளன என்பதை நாம் மறத்தலாகாது.

இதற்குக் காரணங்கள் யாவை?

முதலாவது, வாங்குவோர் முதுமை எய்தினர். அமெரிக்காவில் மோட்டார் சைக்கிள் உடையோரின் நடுவயது 1990-இல் 32, 2018-இல் 50. இரண்டாம் உலகப் போரின் பின்னர்ப் பிறந்த தலைமுறையினரே இவ்வண்டியைப் பெரிதும் விரும்பி வாங்கினர். அவர்கள் ஊர்தியை விட்டு இறங்கியபோது, அவ்விடத்தில் ஏற மக்கள் முன்வந்திலர்.

இரண்டாவது, விலையும் கடனும். பெரிய வண்டியின் விலை 20,000 டாலரைக் கடந்தது. பலர் கடன்பட்டே வாங்கினர். 2008-இன் நிதி நெருக்கடியிற் கடன் கிடைத்தல் அரிதாயிற்று. 2009-இல் கம்பெனியே 15 விழுக்காடு வட்டிக்குப் பணம் பெற நேர்ந்தது.

மூன்றாவது, வண்டியின் உறுதி. நன்கு செய்யப்பட்ட பழைய வண்டி எளிதில் அழியாது. முன்னர் விற்ற இலட்சக்கணக்கான வண்டிகள் குறைந்த விலைக்குக் கைமாறிப் புதிய வண்டிக்கே போட்டியாயின.

நான்காவது, அன்பர்தம் பற்று. கம்பெனியார் புதுமையை நாடாதிருந்தாரல்லர். 2001-இல் நீராற் குளிர்விக்கப்படும் இயந்திரத்தையுடைய வி-ராட் வண்டியை வெளியிட்டனர். பழைய அன்பருட் பலர் அதனை ஏற்றிலர். 2019-இல் மின்சார வண்டி வந்தது; அதன் விலையோ 29,799 டாலர். இளைஞர்க்கென இயற்றியதை இளைஞர் வாங்கல் இயலாதாயிற்று.

இந்நான்கனுள் முதல் மூன்றும் காலத்தானும் சந்தையானும் நேர்ந்தவை. நான்காவதே உள்ளிருந்து தோன்றியது. ஆதலின் அதனையே நாம் ஊன்றி நோக்கல் வேண்டும். எப்பற்று 1981-இல் இந்நிலையத்தைக் காத்ததோ அப்பற்றே பின்னர் அதன் கால்களைப் பிணித்தது.

ஓர் ஒப்பீடு

இங்கிலாந்திற் பிறந்த ராயல் என்பீல்டின் தாய் நிலையம் 1970-ஐ ஒட்டி மறைந்தது. 1955-இற் சென்னையில் தோன்றிய அதன் கிளையோ பிழைத்தது. அதுவும் பழைமையைப் போற்றுவதே. ஆயின், 350 சி.சி. அளவினதாய் இளைஞன் ஒருவன் தன் முதற் சம்பாத்தியத்தைக் கொண்டு விரும்பத்தக்க வண்டியாக அப்பழைமையை அமைத்தது. 2024-25 நிதியாண்டில் அது 10 இலட்சத்திற்கு மேற்பட்ட வண்டிகளை விற்றது. ஹார்லியோ 2020-இல் ஹரியானாவிலிருந்த தன் தொழிற்சாலையை மூட முடிவு செய்தது. பின்னர் ஹீரோ கம்பெனியோடு கூடி 2023-இல் 440 சி.சி. வண்டியை இந்தியாவில் வெளியிட்டது. தன் வாயில் உயரமாயிருந்ததை அது காலந்தாழ்த்தே உணர்ந்தது போலும்!

முடிவுரை

நண்பர்காள், தமிழ் மாணாக்கனுக்கு இக்கதை எற்றுக்கு என்பீராயின், கூறுவல். பள்ளியிற் பயிலும் என் தம்பி, யான் விரும்பிக் கற்கும் பழைய உரை நூலொன்றை விரித்து, இரண்டு வரி வாசித்து, மூடி வைத்துவிட்டான். அவன்மீது சினங்கொண்டேன். இக்கட்டுரைக்கெனச் செய்திகளைத் திரட்டிய பின்னர், அச்சினம் எனக்குச் சரியாகத் தோன்றவில்லை. நூலின் பெருமையில் ஐயமில்லை. அவன் ஏறிவரப் படியொன்று யான் அமைத்தேனா என்பதே வினா. முன்னரே அன்பு பூண்டோர் தம்முட் கூடி மகிழ்தல் எளிது. அம்மகிழ்ச்சியில் ஆண்டுகள் கழியுங்கால், கூட்டம் நரைத்துக் குறைதலை எவரும் கவனியார்.

விடுமுறையில் அந்நூலின் ஒரு பகுதியை அவனோடு அமர்ந்து, அவன் கேட்கும் வினாவிலிருந்தே தொடங்கி வாசிக்க எண்ணியுள்ளேன்.