டப்பா சோறு மட்டும் போதுமா?

வாலாஜாபேட்டையில் காலை ஷிப்டுக்கு ஷூ கம்பெனிக்குக் கிளம்பும் அம்மாவா நீங்கள்? குழந்தையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டு, டப்பாவும் கொடுத்துவிட்டுப் போகிறீர்களா? அப்படியென்றால் இதைக் கொஞ்சம் படியுங்கள்.

காலை 7 மணிக்குக் கட்டும் சோற்றைக் குழந்தை மதியம்தான் சாப்பிடும். வடித்த சோறு 2 மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருந்தால் கிருமி பெருகி நச்சு உண்டாகலாம். திரும்பச் சூடு பண்ணினாலும் அந்த நச்சு போகாது. அதனால் டப்பாவில் பொடி தடவிய இட்லி, வாழைப்பழம் வையுங்கள். தேங்காய்ச் சட்னி வேண்டாம். முழு வேர்க்கடலையும் வேண்டாம், தொண்டையில் அடைக்கும்.

மதியச் சாப்பாட்டுக்கு வழி உங்கள் தெருப்பக்கமே இருக்கிறது. 1982 ஜூலை 1 முதல் தமிழக அங்கன்வாடிகளில் சத்துணவு வழங்கப்படுகிறது. 2 வயது முடிந்த குழந்தைக்குச் சுடச்சுட சாப்பாடு, வாரம் 3 முட்டை, எல்லாம் இலவசம். 6 மாதம் முடிந்த குழந்தைக்கு வீட்டுக்கே சத்துமாவு கிடைக்கும். அங்கன்வாடி பணியாளரிடம் பெயரைப் பதியுங்கள். மதியம் கூட்டிவர யார் வருவார் என்பதையும் அவரிடம் சொல்லிவையுங்கள்.

இன்னொன்று: 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்பது சட்டம். இடைவேளையையும் சேர்த்து, தாய் ஒரு நாளில் 4 முறை போய்க் குழந்தையைப் பார்க்கலாம். உங்கள் கம்பெனியில் இருக்கிறதா? தயங்காமல் கேளுங்கள்.