மலக்குடல் பலூன் குழாய்: வீட்டில் பாவிப்போர் கவனத்திற்கு

இது வாய்விட்டுக் கதைக்க வெட்கப்படுகிற விடயம். ஊரில் படிப்பித்த காலத்தில் நானும் சுகாதாரப் பாடத்தில் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டினவள்தான். ஆனால் வோபர்னில் மார்க்கம் வீதிப் பக்கம் ஒரு வீட்டில், 2009 இல் வன்னியில் ஷெல் துண்டு பட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போன ஒருவர், காசை மிச்சம்பிடிக்க ஒரே குழாயை ஒரு கிழமையாகக் கழுவிக் கழுவிப் பாவித்ததைக் கண்டபிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

முள்ளந்தண்டு நரம்பு காயப்பட்டால் மலம் ஒழுங்காக இறங்காது. மலவாசலால் குழாயை விட்டு, நுனியிலுள்ள பலூனை ஊதி, தண்ணீர் ஒழுகாமல் அடைத்துக்கொண்டு இளஞ்சூட்டுத் தண்ணீரை உள்ளே விடவேணும். பலூனை இறக்கிக் குழாயை எடுத்ததும் தண்ணீரோடு மலமும் வரும். ஐரோப்பாவில் 87 பேரிடம் செய்து 2006 இல் வெளியான ஆய்வில், வழமையான முறைகளைவிட இதில் மலச்சிக்கலும் கசிவும் குறைந்தன. நல்ல முறைதான்.

ஆபத்து பலூனில் இருக்கிறது. அளவுக்கு மிஞ்சி ஊதினால் குடற்சுவர் கிழியலாம். உணர்வில்லாதவருக்கு நோகவும் மாட்டாது! அரிதாக நடப்பது, ஆனால் உயிருக்கு ஆபத்து. தொடங்கின முதல் கிழமைகளிலும், இடுப்புப் பகுதியில் முன்பு ஒப்பரேஷன் செய்தவர்களுக்கும் கூடக் கவனம் தேவை. ஆகவே முதல் தடவை தாதி பக்கத்தில் நிற்க வேணும். அவர் சொன்ன தடவைக்கு மேல் பம்பை அமத்தாதீர்கள். குழாய் தடைப்பட்டால் தள்ளாதீர்கள். சலக்குழாயை இதற்குப் பாவிக்கவே கூடாது. குடல் அழற்சி, புற்றுநோய், கர்ப்பம், இரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் குளிசை, இவற்றில் எது இருந்தாலும் வைத்தியருக்கு முதலே சொல்லுங்கள்.

தண்ணீர் 36 முதல் 38 பாகை செல்சியஸ். கைவிட்டுப் பார்த்து மதிப்பிட வேண்டாம், வெப்பமானி வாங்குங்கள். கழிப்பறையில் இருந்துகொண்டே செய்யுங்கள். ஒரு தடவை பாவித்த குழாய் குப்பைக்கு.

கழுத்திலோ மேல் முதுகிலோ காயப்பட்டவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். இடையில் தலை வெடிப்பதுபோல இடித்து, முகம் சிவந்து வியர்த்தால் இரத்த அழுத்தம் எகிறுகிறது என்று அர்த்தம். உடனே நிறுத்தி, பலூனை இறக்கி, குழாயை எடுத்து, நிமிர்ந்து இருந்து, இறுக்கமான உடுப்பைத் தளர்த்துங்கள். குறையாவிட்டால் 911. தாங்கமுடியாத வயிற்றுவலி, நிற்காத இரத்தம், காய்ச்சலோடு வயிற்றுநோ என்றாலும் 911தான். "டமில்" என்று சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள்.

காசு விடயம்: ஓ.டி.எஸ்.பி. எடுப்பவர்கள் மருத்துவப் பொருட்களுக்கான விசேட தேவைப் படிவத்தைத் தங்கள் அலுவலரிடம் கேளுங்கள். அகதிக் கோரிக்கையாளர்களுக்காகச் சிகிச்சை வழங்குபவர் இடைக்காலச் சுகாதாரத் திட்டத்தில் முன்அனுமதி கேட்கலாம். இரண்டுக்கும் வைத்தியர் போன்ற சுகாதார வல்லுநர் ஒருவர் தேவையை உறுதிப்படுத்த வேணும். போகும்போது குழாய்ப் பெட்டியையும் கொண்டுபோங்கள், பெயரும் அளவும் அதில்தான் இருக்கும்.