பாலாறும் பொதுச்சட்டமும்

சட்டம் என்பது ஒரே நாளில் ஒருவரால் எழுதி முடிக்கப்படுவதன்று. மக்கள் கூடி வாழுங்கால் எழும் வழக்குகளைத் தீர்க்கும் முயற்சியில் அது சிறிது சிறிதாக வளர்கின்றது. ஒரு நாட்டில் தோன்றிய சட்டநெறி கடல் கடந்து பிறிதொரு நாட்டில் வேரூன்றுதலும் உண்டு. இங்கிலாந்தில் பிறந்த பொதுச்சட்டம், பல நூற்றாண்டுகளுக்குப் பின் ஆற்காட்டுப் பகுதியின் உழவர்களுக்குத் துணைநின்ற வரலாறு இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

பொதுச்சட்டத்தின் தோற்றம்

பழங்கால இங்கிலாந்தில் பகுதிதோறும் வெவ்வேறு வழக்காறுகள் நிலவின. 1154 முதல் 1189 வரை அந்நாட்டை ஆண்ட இரண்டாம் ஹென்றி, தன் நடுவர்களை நாடெங்கும் அனுப்பி வழக்குகளை ஆராயச் செய்தான். அவர்கள் வழங்கிய தீர்ப்புகளிலிருந்து, நாடு முழுமைக்கும் பொதுவான முறையொன்று மெல்ல உருவாயிற்று. அதுவே பொதுச்சட்டம் எனப் பெயர் பெற்றது. ஒரு வழக்கில் கண்ட நீதியைப் பின்வரும் ஒத்த வழக்குகளிலும் பின்பற்ற வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. மன்னனும் சட்டத்திற்குக் கட்டுப்பட்டவனே என்னும் கருத்தை 1215-ஆம் ஆண்டின் மகாசாசனம் வலியுறுத்திற்று.

இம்முறையில் எளிய மக்களின் சிறு வழக்குகளும் பெருநெறிகளை ஈன்றன. 1610-ஆம் ஆண்டில் வில்லியம் ஆல்டிரெட் என்பவர், தம் வீட்டருகே அண்டை வீட்டார் அமைத்த பன்றிக்கொட்டிலின் தீநாற்றம் பற்றி முறையிட்டார். தூய காற்று பெறும் உரிமையைக் கெடுப்பது குற்றமே என்று நீதிமன்றம் ஏற்றது. 1860-ஆம் ஆண்டில் ரைலண்ட்ஸ் என்னும் ஆலை முதலாளி, லங்காஷயரில் நீர்த்தேக்கம் ஒன்று அமைப்பித்தார். அந்நீர் பழஞ்சுரங்க வழிகளில் இறங்கி, பிளெட்சர் என்பவரின் நிலக்கரிச் சுரங்கத்தை நிரப்பிற்று. தீங்கு விளைக்கத்தக்க பொருளைத் தன் நிலத்தில் கொணர்ந்து வைப்பவன், அது வெளியேறிப் பிறர்க்கு இழைக்கும் கேட்டுக்குப் பொறுப்பாவான் என்று 1868-இல் பிரபுக்கள் சபை முடிவு செய்தது.

சென்னைக்கு வந்த சட்டம்

1726-ஆம் ஆண்டின் அரச சாசனத்தால் சென்னையில் மேயர் நீதிமன்றம் புதிய அமைப்புப் பெற்றது. 1801-இல் உச்ச நீதிமன்றமும், 1862-இல் உயர் நீதிமன்றமும் அங்கே நிறுவப்பெற்றன. இவற்றின் வாயிலாக ஆங்கிலச் சட்டநெறிகள் தமிழகத்தில் பரவின. அயலார் ஆட்சியின் கருவியாக வந்த சட்டம், விடுதலைக்குப் பின் குடிமக்களின் உடைமையாயிற்று. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, அதற்கு முன் வழங்கிய சட்டங்கள் மாற்றப்படும் வரை தொடரும் என 372-ஆவது பிரிவில் விதித்தது. அதன் 21-ஆவது பிரிவு ஒவ்வொருவர்க்கும் வாழும் உரிமையை உறுதி செய்தது.

தோல் தொழிலும் நீர்க்கேடும்

நந்தி மலைப்பகுதியில் தோன்றும் பாலாறு, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் வழியே செல்கின்றது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே காட்சியளிப்பினும், அம்மணலின் அடியில் ஊறும் நீரே இரு கரைகளிலும் உள்ள கிணறுகளை நிரப்பி வந்தது. இவ்வூர்களில் தோல் பதனிடும் தொழில் நெடுங்காலமாகச் செழித்தது. ஆவாரம்பட்டையைக் கொண்டு பதனிட்ட முறையோடு, பிற்காலத்தில் குரோமிய உப்பைக் கொண்டு பதனிடும் முறையும் பெருகிற்று. பல்லாயிரம் குடும்பங்கள் இத்தொழிலால் உணவு பெற்றன. நாட்டிற்கு அயல்நாட்டுச் செலாவணியும் மிகுதியாகக் கிடைத்தது.

ஆயின், ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாயிற்று. உப்பும் சுண்ணாம்பும் குரோமியமும் கலந்த கழிவுநீர் வாய்க்கால்களிலும் வயல்களிலும் ஆற்றிலும் விடப்பட்டது. கிணற்று நீர் நிறம் மாறி உவர்த்தது; தென்னையும் நெல்லும் விளைந்த மண் பயனற்றுப் போயிற்று. இத்தொழிற்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ கெட்டது என்று, வேலூரில் உள்ள வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையம் நடத்திய ஆய்வொன்று தெரிவித்தது. தொழிலாளியின் கூலியும் உழவனின் கிணறும் எதிரெதிரே நின்றன.

வழக்கும் தீர்ப்பும்

1991-ஆம் ஆண்டில் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் இந்திய உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தது. வழக்கறிஞர் எம். சி. மேத்தா அதனை எடுத்துரைத்தார். 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆயம் தீர்ப்பு வழங்கிற்று. தோல் தொழில் நாட்டிற்கு இன்றியமையாததே. எனினும் நிலத்தையும் நீரையும் மக்களின் உடல்நலத்தையும் அழிக்கும் உரிமை அதற்கு இல்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். தீங்கு நேருமுன் காத்தல் வேண்டும். மாசு செய்தவரே இழப்பீடும் சீர்செய்யும் செலவும் ஏற்றல் வேண்டும். தம் செயல் கேடற்றது என மெய்ப்பிக்கும் பொறுப்பும் தொழில் நடத்துவோரையே சாரும் என மூன்று நெறிகளை அது நிலைநாட்டிற்று.

இத்தீர்ப்பில் கருதத்தக்க செய்தியொன்று உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலச் சட்டத்திற்கு விளக்கவுரை எழுதிய பிளாக்ஸ்டன், அண்டை அயலார்க்கு ஊறு செய்யும் தொழில்களுக்கு எடுத்துக்காட்டாகத் தோல் பதனிடுவோரையும் குறித்திருந்தார். அப்பகுதியை நீதிபதிகள் எடுத்துக்காட்டி, மாசற்ற சூழலில் வாழும் உரிமை நம் சட்டமுறையின் அடிப்படையிலேயே அமைந்தது என்றனர். இங்கிலாந்தின் தோல் தொட்டிகளைக் கருதி எழுதிய சொற்கள், இரு நூற்றாண்டுகளுக்கு மேல் கழித்துப் பாலாற்றங்கரை மக்களுக்குப் பயன்பட்டன.

தொழிற்சாலை ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் தண்டம் செலுத்துமாறும், கழிவுநீரைத் தூய்மை செய்யும் வசதி இன்றி இயங்கலாகாது என்றும் நீதிமன்றம் ஆணையிட்டது. இழப்பீட்டை மதிப்பிடத் தனி ஆணையம் அமைக்கவும், சென்னை உயர் நீதிமன்றத்தில் சுற்றுச்சூழல் வழக்குகளுக்குத் தனி ஆயம் ஏற்படுத்தவும் வழிவகுத்தது.

தீர்ப்பின் பின்னர்

தீர்ப்பு எழுதப்பட்டதுடன் நீதி நிறைவேறிவிடவில்லை. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பல ஊர்களில் இயங்கின. ஆணையமும் இழப்பீட்டை மதிப்பிட்டது. எனினும் மாசு முற்றும் நீங்கவில்லை. இழப்பீடு பெறாதோரும் இருந்தனர். வழக்கு மீண்டும் உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. 2025 ஜனவரி 30-ஆம் நாள், பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீடு வழங்கி, அத்தொகையை மாசு செய்தோரிடமிருந்து பெறுமாறும், பாலாற்றைச் சீர்செய்யக் குழு அமைக்குமாறும் அந்நீதிமன்றம் பணித்தது. சூழல் சீர்பெறும் வரை மாசு செய்தோரின் பொறுப்பு நீங்காது என்றும் அது தெளிவுறுத்திற்று.

முதல் தீர்ப்பில் குறித்த கடமைகளை மீண்டும் வற்புறுத்த, ஏறத்தாழ 28 ஆண்டுகளுக்குப் பின் மற்றொரு தீர்ப்பு வேண்டியிருந்தது. சட்டம் வழி காட்டும். அவ்வழியில் நடத்தல் மனிதர் கடமை. அதிகாரிகள் விழிப்புடன் இருத்தலும், தொழில் நடத்துவோர் பிறர் நலம் பேணுதலும், குடிமக்கள் தம் உரிமையை அறிந்து முறையிடுதலும் ஒருங்கே அமைந்தாலன்றிக் கிணற்று நீர் இனிமை பெறாது.