போர்ச்சில் முன்னால் நிற்கும் காடி

உலு திராம் தாமான்களில் இருக்கும் வரிசை வீடுகளில் பெரும்பாலும் இரண்டு காடிகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நிற்கும். விடிகாலை ஐந்தே முக்காலுக்குப் பாசிர் கூடாங் ஷிப்டுக்குக் கிளம்புகிறவர், கேட்டை ஒட்டி எது நிற்கிறதோ அதை எடுத்துக்கொண்டு போவார். “மைவிய எடுத்துக்கிறேன்மா, நீ சாகாவுல போயிடு” என்று வாசலிலிருந்து ஒரு குரல் வரும். தெப்ராவில் எட்டு மணிக்கு ஆபீஸ் தொடங்கும் மனைவிக்கு அந்தக் குரலே போதும். யார் பெயரில் எந்தக் காடி என்பது ரோட் டேக்ஸ் முடியும் வாரத்தில்தான் வீட்டில் எல்லாருக்கும் நினைவுக்கு வரும்.

இன்சூரன்ஸ் தாள் அப்படியில்லை. யார் பெயர், யார் ஓட்டலாம், எதற்காக ஓட்டலாம் என்று அதில் எழுதியிருக்கிறது. அந்த மூன்றில் கடைசியைத்தான் யாரும் படிப்பதில்லை. வேலைக்குப் போகும் தம்பதி முதலில் படிக்க வேண்டியது அதைத்தான்.

சொந்தக் காடிக்கான பாலிசியின் பயன்பாட்டு வரி மலேசியாவில் ஏறக்குறைய எல்லா நிறுவனத்திலும் ஒன்றுதான்: சொந்த, குடும்ப, பொழுதுபோக்குப் பயணங்களுக்கும் பாலிசிதாரரின் தொழிலுக்கும் ஓட்டலாம். வாடகைக்கோ கூலிக்கோ ஆள் ஏற்றக்கூடாது. வியாபாரச் சரக்கு ஏற்றக்கூடாது. மாதிரிப் பொருள்களுக்கு மட்டும் விலக்கு. ‘பாலிசிதாரரின் தொழில்’ என்கிற சொற்களைக் கவனியுங்கள். காடி கணவர் பெயரில் இருக்கிறது. மனைவியோ விற்பனைப் பிரிவில் வேலை செய்து ஸ்கூடாய், குளுவாங், பத்து பகாட் என்று நாள் முழுக்க வாடிக்கையாளர்களைப் பார்க்கிறார். அது யாருடைய தொழில்? கிளேம் வரும் நாளில் இந்தக் கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. என் கருத்து நேரடியானது: ஆபீஸ் வேலைக்காக ஊர் சுற்றுகிறவர் பெயரிலேயே அந்தக் காடி இருக்கட்டும். மைலேஜ் பணம் கேட்கும்போது ‘உங்கள் பெயரில் உள்ள காடியா?’ என்று கேட்கும் கம்பெனிகளும் உண்டு. இப்போதைக்குப் பெயர் மாற்ற வழியில்லை, வங்கிக் கடன் ஓடுகிறது என்றால், இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதிப் பதிலை வாங்கி வையுங்கள். ஏஜென்ட் போனில் “பரவால்லண்ணே, கவர் ஆகும்” என்று சொன்னது பிறகு எங்கும் செல்லாது.

சரக்கு என்றதும் லாரி நினைவுக்கு வரலாம். தீபாவளிக்கு முன் நான்கு வாரம் முறுக்கும் நெய்யுருண்டையும் ஆர்டர் எடுத்துக் காடியின் பின்சீட்டு நிறைய அடுக்கிக்கொண்டு போகிறவர்களுக்கும் அந்த வரி பொருந்தும். காடியில் சாப்பாடு டெலிவரி செய்கிறவர்களுக்கும் அப்படியே. கிராப் ஓட்டுகிறவர்களுக்கு இது கொஞ்சம் தெரியும். 2019 ஜூலையிலிருந்து, பயணிகளை ஏற்றி ஓட்டுவதற்கான பிஎஸ்வி லைசென்ஸ் அவர்களுக்குக் கட்டாயமானதும் இ-ஹெய்லிங் கூடுதல் கவரும் கூடவே பேசுபொருளானது. அந்தக் கவர் எந்தக் காடிக்கு எடுத்தோமோ அதற்கு மட்டும்தான். பக்கத்தில் நிற்கும் காடிக்கு ஒட்டாது. பிஎஸ்வி லைசென்ஸும் எடுத்தவருக்கு மட்டும்தான். கணவரிடம் இருப்பதால் மனைவி ஒரு நாள் ஓட்டிவிட முடியாது. சம்பாதிக்கும் காடி எது என்று முடிவு செய்து, அதைப் போர்ச்சில் எப்போதும் கேட்டுப் பக்கம் நிறுத்துங்கள்.

அடுத்தது ஷிப்டுக்குக் கூட வரும் நண்பர்கள். பெட்ரோலைப் பங்கு போடுவது வேறு, மாதம் இவ்வளவு என்று பேசி ஆள் ஏற்றுவது வேறு. பின்னது கூலி. முன்னதிலும்கூட, பயணிகள் உங்கள்மேல் வழக்குப் போட்டால் ஈடுகொடுக்கும் கூடுதல் கவர் வேண்டும். சாதாரண பாலிசியில் அது இல்லை.

இதையொட்டித் தம்பதிகளுக்கு ஒரு அதிர்ச்சியும் காத்திருக்கிறது. கணவர் ஓட்டி, பக்கத்தில் இருந்த மனைவிக்கு அடிபட்டால் காடி இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வழக்கமான பாலிசி, பயணியாக இருக்கும் பாலிசிதாரரின் அல்லது ஓட்டுநரின் வீட்டாரைத் தெளிவாகவே வெளியே வைக்கிறது. ஓட்டுகிறவருக்கும் உடன் வருகிறவர்களுக்குமான தனிநபர் விபத்துக் காப்பீட்டைத் தனியாகத்தான் வாங்க வேண்டும். வேலைக்குப் போகும் வழியில் நடந்தால் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோ இருக்கிறது: 1969-ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையிலான பயணத்தையும், அனுமதித்த இடைவேளையில் சாப்பிடப் போய்வருவதையும் கணக்கில் எடுக்கிறது. ஆனால் வழியை விட்டு விலகினால் சிக்கல். தெப்ராவில் மனைவியை இறக்கிவிட்டுப் பாசிர் கூடாங் போகிறவரின் வழி எது என்ற கேள்வி எழலாம். தினமும் அப்படித்தான் போகிறீர்கள் என்பது ஆபீஸில் நாலு பேருக்குத் தெரிந்திருப்பது நல்லது. போலீஸ் ரிப்போர்ட்டும் வழியைக் காட்டும் வரைபடமும் கேட்பார்கள். முதலாளி தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதால் அன்றைக்கே எச்ஆருக்குச் சொல்லிவிடுங்கள்.

இனி பணம். பாலிசி காடிக்கு; கிளேம் செய்யாதிருந்தால் கிடைக்கும் என்சிடி கழிவு ஆளுக்கு. வீட்டுச் சண்டைகளில் பாதி இங்கேதான் தொடங்கும். மனைவி ஓட்டிப் போய்த் தூணில் இடித்தாலும், காடி கணவர் பெயரில் இருந்தால் பறிபோவது கணவரின் கழிவு. சொந்தக் காடிக்கு அந்தக் கழிவு கிளேம் இல்லாத ஒவ்வோர் ஆண்டுக்கும் 25, 30, 38.33, 45, 55 விழுக்காடு என்று ஏறும். ஒரே ஒரு கிளேம் போதும், மீண்டும் சுழியம்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். அடிப்படைப் பிரீமியம் 2,000 ரிங்கிட் என்று வையுங்கள். 55 விழுக்காட்டில் இருப்பவர் 900 கட்டுகிறார். பின்பம்பர் நசுங்கி 1,200 ரிங்கிட் செலவு வருகிறது; கிளேம் செய்கிறார். அடுத்த ஆண்டு அவர் கட்டுவது 2,000. அதற்கடுத்த ஆண்டுகளில் 1,500, 1,400, 1,233, 1,100 என்று இறங்கி ஆறாவது ஆண்டில்தான் பழைய 900. கூடுதலாகக் கட்டியதைக் கூட்டினால் 2,733 ரிங்கிட். 8 விழுக்காடு சேவை வரி தனி. 1,200-ஐ வாங்கப் போய் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்தாகிவிட்டது. இந்தக் கணக்கில் 2,700-க்குக் கீழ் உள்ள சேதத்தைக் கைக்காசில் சரிசெய்வதுதான் லாபம். போலீஸ் ரிப்போர்ட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். கிளேம் செய்கிறீர்களோ இல்லையோ 24 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். தப்பு எதிர்த் தரப்பில் இருந்தால் கதை வேறு: உங்கள் நிறுவனத்திடமே கிளேம் செய்தும் என்சிடியைக் காப்பாற்றிக்கொள்ளும் ‘நாக் ஃபார் நாக்’ வழி இருக்கிறது. கண்ணாடிக்குத் தனிக் கவர் எடுத்திருந்தால் அந்தக் கிளேமும் என்சிடியைத் தொடாது.

இரண்டு காடியும் கணவர் பெயரில் என்பது நம் வீடுகளில் பழகிப்போன ஏற்பாடு. ஒரே பெயரில் இருந்தாலும் ஒவ்வொரு காடிக்கும் என்சிடி தனித்தனியாகத்தான் ஏறும், ஆகவே அதில் சேமிப்பு ஒன்றும் இல்லை. மனைவி பன்னிரண்டு ஆண்டு ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியிருப்பார். வேலை மாறித் தன் பெயரில் முதல் காடி வாங்கும் அன்று அவருடைய கழிவு சுழியம்! ஆளுக்கொரு பெயரில் வைத்திருந்தால் 55-உம் 55-உமாக இருந்திருக்கும்.

ஓட்டுநர் பட்டியலில் இருவர் பெயரும் இரண்டு தாளிலும் இருக்கட்டும். பெயர் இல்லாவிட்டால் இன்சூரன்ஸே இல்லை என்று பயமுறுத்துகிறவர்கள் உண்டு, அது சரியில்லை. அனுமதியோடு, செல்லுபடியாகும் லைசென்ஸோடு ஓட்டினால் கவர் இருக்கும். ஆனால் பெயரில்லாதவர் ஓட்டி இடித்தால் உங்கள் காடியின் சேதத்தில் முதல் 400 ரிங்கிட்டை நீங்கள்தான் போட வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. 21 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கும், ‘பி’ லைசென்ஸ்காரருக்கும், முழு லைசென்ஸ் எடுத்து இரண்டு ஆண்டு ஆகாதவருக்கும் அதே 400 உண்டு. பெயர் எழுதினாலும் தப்பாது. மகள் புதிதாக ஓட்டப் பழகுகிறாளா? என்சிடி குறைவாக உள்ள காடியைக் கொடுங்கள்.

வெள்ளம் பற்றி ஜோகூர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 2006 டிசம்பரில் கோத்தா திங்கியையும் 2023 மார்ச்சில் மாநிலத்தின் பாதியையும் பார்த்தவர்கள் நாம். சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் வெள்ளம் சேராது, கூடுதலாக வாங்க வேண்டும் என்பது மட்டும் இன்னும் பலருக்குப் புதுச் செய்தி. இரண்டுக்கும் வாங்கப் பணம் இல்லையென்றால், பகலில் காடி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். மேட்டில் இருக்கும் ஆபீஸா, ஆற்றோரத் தொழிற்சாலையின் தாழ்ந்த கார் பார்க்கா? வீட்டுப் போர்ச் இரண்டுக்கும் பொதுதானே.

ஐந்து வயது தாண்டிய காடிக்குப் புதுப் பாகம் போட்டால் அந்தச் செலவில் 15 விழுக்காடு உங்கள் தலையில் விழலாம். பத்து வயதானால் 40. அதை நீக்கும் கூடுதல் கவரும் விற்பனையில் இருக்கிறது. பழைய சாகாவுக்கு யோசிக்கலாம், புது மைவிக்கு வீண்.

2017 ஜூலைக்குப் பிறகு காம்ப்ரிஹென்சிவ் பிரீமியத்தை ஒவ்வொரு நிறுவனமும் தானே தீர்மானிக்கிறது. காடி இருக்கும் இடம்கூடக் கணக்கில் வரலாம் என்பதால் உங்கள் 81800 போஸ்ட்கோட்டுக்கு ஒரு நிறுவனம் சொல்லும் விலையை இன்னொன்று சொல்லாது. மூன்று இடத்திலாவது விலை கேளுங்கள். அடுத்த முறை ஏஜென்ட் “போன வருஷம் மாதிரியே போட்டுடவா?” என்று வாட்ஸப்பில் கேட்கும்போது உடனே சரி என்று அனுப்பாதீர்கள். அன்றிரவு இரண்டு தாளையும் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இந்த ஆண்டு யாருக்கு வேலை மாறியது, யார் எந்தக் காடியில் எங்கே போகிறீர்கள் என்று தனித் தாளில் எழுதி, அந்தத் தாளைப் படம் பிடித்து அவருக்கே அனுப்புங்கள்.