நேரத்தைக் குறைத்தால் வேலை கூடும்

முதல் உலகப் போரின்போது பிரிட்டனின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்களின் பதிவேடுகளைப் பொருளியலாளர் ஜான் பென்கவெல் ஆராய்ந்து 2014-இல் எழுதினார். வாரம் 70 மணி நேரம் உழைத்தபோது கிடைத்த உற்பத்தி, 56 மணி நேரத்தில் கிடைத்ததைவிடப் பெரிதாகக் கூடவில்லை. அந்தப் பதினான்கு மணி நேரமும் உடம்பை வருத்தியதுதான் மிச்சம். கைவேலைக்கே இப்படியென்றால் மூளை வேலைக்குக் கேட்கவே வேண்டாம்.

குறைந்த நேரத்தில் வேலையை முடிக்க, அன்றைய வேலைகளில் எது கடினமோ அதை மனம் தெளிவாக இருக்கும் நேரத்துக்கு ஒதுக்குங்கள். பெரும்பாலோருக்கு அது காலைப்பொழுது. அப்போது செல்பேசி அடுத்த அறையில் இருக்கட்டும். மேசைமேல் கவிழ்த்து வைத்தால் போதாது, கை தானாகப் போகும். ஒரே வேலை, ஒரு மணி நேரம் அல்லது ஒன்றரை மணி நேரம். பிறகு எழுந்து பத்து நிமிடம் நடங்கள், தண்ணீர் குடியுங்கள். வாட்ஸ்அப் பார்ப்பதை ஓய்வில் சேர்க்காதீர்கள்; கண்ணும் மூளையும் அங்கேயும் உழைக்கின்றன.

மதியம் வாய்ப்பிருந்தால் இருபது நிமிடம் கண் அயரலாம். அதற்கு மேல் போனால் எழும்போது மந்தமாக இருக்கும்.

அலுவலகத்திலிருந்து கிளம்பும் முன் மறுநாளின் முதல் வேலையை ஒரு தாளில் எழுதிவையுங்கள். இரவில் அதையே நினைத்துப் புரள வேண்டியிருக்காது.

தூக்கத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். கண்விழித்துப் போட்ட கணக்கை மறுநாள் உட்கார்ந்து திருத்த வேண்டிவரும்.

அலுவலகத்தை நடத்துபவர்களுக்கும் ஒன்று: கடைசியாகக் கிளம்புபவரைப் பாராட்டும் வழக்கத்தை இன்றே நிறுத்துங்கள்.