ஆபத்துக் காலச் செய்தி வலை
அமெச்சூர் வானொலித் தொண்டர்களும் அவர்கள் வேலைமுறையும்

புயலும் வெள்ளமும் ஓர் ஊரைத் தாக்கும்போது வீடுகளுக்கும் பயிருக்கும் நேரும் சேதத்தை யாவரும் காண்கின்றனர். செய்தித் தொடர்பு அறுவதால் நேரும் சேதம் அவ்வளவு எளிதில் புலப்படுவதில்லை. கைபேசிக் கோபுரத்தில் மின்சாரம் நின்று, அதற்குத் துணையான பாட்டரியும் தீர்ந்தபின், எத்தனை பேருக்கு உணவு வேண்டும், எந்த மருந்து இல்லை, எந்தப் பாலம் உடைந்தது என்பனவற்றை வெளியே சொல்ல வழியில்லை. உதவி செய்வோர் லாரிகளை நிரப்பி வைத்துக்கொண்டும் எத்திசை செல்வது என்று அறியாமல் நிற்பர். அவ்வேளையில் பயன்படும் தொண்டர் அமைப்பு ஒன்றைப் பற்றி நம் அங்கத்தினர்கள் தெரிந்துகொள்வது நலம்.

அரசாங்கத் தேர்வில் தேறி, உரிமமும் அழைப்புக் குறியும் பெற்று, சொந்த வானொலிக் கருவியில் பேசவோ மோர்ஸ் குறியில் செய்தி அனுப்பவோ பழகியவர்களே அமெச்சூர் வானொலியாளர்கள். இவர்களை 'ஹாம்' என்றும் அழைப்பர். செய்தி சேர்ப்பிக்க இவர்கள் கூலி பெறுதல் கூடாது.

ஒருவர் கருவி எட்டாத இடத்துக்கு மற்றொருவர் செய்தியை எடுத்துச் சேர்ப்பிக்கும் வழக்கம் பழையது. அமெரிக்காவில் ஹார்ட்ஃபர்டு நகரத்தில் இருந்த ஹைரம் பெர்சி மாக்ஸிம் என்பவர், 1914-இல் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்தோடு பேச முயன்றார். அலை எட்டவில்லை. இடைவழியில் இருந்த மற்றொரு அமெச்சூரின் உதவியால் செய்தி போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து அவருக்குத் தோன்றிய எண்ணமே அவ்வாண்டில் அமெரிக்க வானொலி அஞ்சல் சங்கமாக உருவாயிற்று. பிரிட்டனில் இதற்குப் பெரும் துயரம் ஒன்று காரணமாயிற்று. 1953 ஜனவரி 31 இரவு வட கடல் பொங்கிக் கரையை உடைத்தது. நெதர்லாந்தில் 1,836 பேரும், இங்கிலாந்துக் கடற்கரையில் 307 பேரும் மாண்டனர். ஆபத்தில் உதவ அமெச்சூர்கள் ஆயத்தமாக இருந்தால் மட்டும் போதாது, அவர்களை முன்கூட்டியே ஒழுங்குபடுத்தி வைக்கவேண்டும் என்பது அப்போது தெளிவாயிற்று. அவ்வாண்டே 'ரேநெட்' என்னும் தொண்டர் வலை அங்கே அமைந்தது.

நம் நாட்டில் 2004 டிசம்பரில் நிகழ்ந்தது இதைவிட நெருக்கமான உதாரணம். ஐதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்னும் அம்மையாரும் அவர் குழுவினரும் அந்தமானிலிருந்து உலக அமெச்சூர்களோடு பேசுவதற்காகப் போர்ட் பிளேர் சென்றிருந்தனர். 26-ஆம் தேதி காலை நில நடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கித் தொலைபேசி அறுந்தது. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள தாய்நாட்டுக்கு அவர்களுடைய நிலையம் வழியே செய்திகள் சென்றன. தம்மவர் உயிரோடு இருக்கின்றனரா என்று தவித்த குடும்பங்களுக்கு விடை கிடைத்தது. பொழுதுபோக்குக்காகக் கொண்டு சென்ற கருவிதான். ஆனால் அதை இயக்கியவர்கள் நாள்தோறும் பழகியவர்கள்.

கருவியைப் பற்றி ஒரு சொல். விலையுயர்ந்த கருவியை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைப்பவரைக் காட்டிலும், சாதாரணக் கருவியை வாரந்தோறும் இயக்குபவரே ஆபத்தில் உதவுவார் என்பது என் கருத்து. ஊருக்குள் சில கிலோமீட்டர் தூரத்துக்கு 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையில் இயங்கும் கைக்கருவி போதும். மாவட்டம் தாண்டிப் பேசப் பகலில் 7 மெகாஹெர்ட்ஸும், இரவில் 3.5 மெகாஹெர்ட்ஸும் பெரும்பாலும் ஏற்றவை. 7 மெகாஹெர்ட்ஸுக்குரிய ஏரியல் ஏறத்தாழ 20 மீட்டர் செப்புக் கம்பிதான். அதை நடுவில் வெட்டி, இரு பாதிகளிலும் கருவியிலிருந்து வரும் கேபிளை இணைக்கவேண்டும். இதை மிக உயரத்தில் கட்டவேண்டும் என்று பலர் எண்ணுவர். அண்டை மாவட்டங்களோடு பேச அது தேவையில்லை. நான்கைந்து மீட்டர் உயரத்தில், மூங்கில் கம்பங்களுக்கிடையே கட்டினால் அலை ஏறக்குறைய நேர்மேலே சென்று, வானத்து அயனி மண்டலத்தில் பட்டு, குடை விரித்தாற்போலச் சுற்றிலும் சில நூறு கிலோமீட்டருக்கு இறங்கும். மலை குறுக்கிட்டாலும் தடையில்லை. கம்பத்தைப் புயல் சாய்த்தாலும் அரை மணியில் மீண்டும் நட்டுவிடலாம்.

மின்சாரத்துக்கு 12 வோல்ட் பாட்டரி. நூறு வாட் கருவி பேசும்போது ஏறத்தாழ 20 ஆம்பியரும், கேட்கும்போது ஓர் ஆம்பியர் அளவும் இழுக்கும். ஆகவே குறைவாகப் பேசி அதிகமாகக் கேட்பவரின் பாட்டரியே நீடித்து உழைக்கும்.

இனி வேலைமுறை. வலையில் கட்டுப்பாட்டு நிலையம் ஒன்று இருக்கும். மற்றவர்கள் அதனிடம் தம் அழைப்புக் குறியைப் பதிந்து, கையில் எத்தனை செய்தி உண்டென்று சொல்லி, அனுமதி கிடைக்கும்வரை வாய் திறவாமல் இருக்கவேண்டும். இருவர் ஒரே நேரத்தில் பேசினால் இருவர் பேச்சும் கெடும். புதியவர்களுக்கு மிகக் கடினமானது இந்த மௌனம்தான்.

செய்தியை நினைவிலிருந்து சொல்லலாகாது. தாளில் எழுதியே படிக்கவேண்டும். வரிசை எண், அவசரத் தரம், புறப்பட்ட நிலையம், சொற்களின் எண்ணிக்கை, இடம், நேரம், தேதி ஆகியவை தலைப்பில் வரும். பின்பு முகவரியும் செய்தியும் கையொப்பமும். செய்தி 25 சொற்களுக்குள் அடங்குவது நன்று. பெறுபவர் தாம் எழுதியதை எண்ணிப் பார்ப்பார். தலைப்பில் 18 என்றிருந்து கையில் 17 சொற்களே இருந்தால் உடனே திரும்பக் கேட்பார். பாவில் இழை எண்ணிச் சரிபார்க்கும் நெசவாளர்களுக்கு இதன் பயனை விளக்க வேண்டியதில்லை. எண்களைத் தனித்தனி இலக்கமாகச் சொல்லவேண்டும். இரைச்சலில் 'எண்ணூறு' என்பது 'எழுநூறு' என்று கேட்டுவிட்டால் முகாமில் நூறு பேர் பட்டினி கிடப்பர். 'எட்டு, பூச்சியம், பூச்சியம்' என்றால் அந்தக் குழப்பம் பெரிதும் குறையும்.

வானொலியில் இரகசியம் இல்லை. கருவி உள்ள எவரும் கேட்கலாம். ஆதலால் இறந்தோர் பெயரை வெளிப்படையாகச் சொல்லலாகாது; ஒரு தாய் தன் மகன் மாண்ட செய்தியை அயலார் வாயிலாகக் கேட்க நேரும். கேள்விப்பட்டதையும் ஊகித்ததையும் அனுப்பலாகாது. பொறுப்பாளர் கையொப்பமிட்டுத் தந்ததை ஒரு சொல்லும் மாற்றாமல் அனுப்புவதே தொண்டர் கடமை. அழைப்பின்றிச் சேதமான ஊருக்குள் நுழைவதும் தவறு. அங்கே குறைந்திருக்கும் சோற்றுக்கும் நீருக்கும் அவர் ஒரு பங்காளியாகிவிடுவார்.

ஓர் ஊரில் வலை தொடங்க உரிமம் பெற்ற நான்கைந்து பேர் போதும். தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களுக்கு இவர்களே ஆசிரியர்கள். வாரம் ஒரு நாள், குறித்த நேரத்தில், குறித்த அலைவரிசையில் கூடி, பயிற்சிச் செய்திகளைக் கைமாற்றவேண்டும். உண்மையான செய்தி என எவரும் மயங்காதபடி ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் முடிவிலும் 'பயிற்சி' என்று சொல்லவேண்டும். மாவட்ட அலுவலகம், மருத்துவமனை, முகாமாகக்கூடிய பள்ளிக்கூடம் ஆகியவற்றில் ஏரியலை எங்கே கட்டுவது, சாவி யாரிடம் என்பன மழைக்காலத்துக்கு முன்பே பேசி எழுதி வைக்கப்படவேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் வீட்டு மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பாட்டரியிலேயே 24 மணி நேரம் முறைவைத்து நிலையத்தை இயக்கிப் பார்க்கவேண்டும். எந்தப் பாட்டரி பழுதடைந்துள்ளது, எந்தக் கேபிளின் முனை துருப்பிடித்துள்ளது, இரவு இரண்டு மணிக்கு முறை மாற்ற வரவேண்டியவர் உண்மையில் வருகிறாரா என்பன அன்று தெரிந்துவிடும்.