உடல் எடையும் உணவுக் கணக்கும்

நூல் வரவு எவ்வளவு, நெய்த சேலை எத்தனை, கழிவு எவ்வளவு என்று பிசகின்றிக் கணக்கு வைப்பவர்கள் நம் அங்கத்தினர்கள். ஆனால் உடல் பெருத்துவிட்டால் மட்டும் கணக்கை மறந்து, இராச் சாப்பாட்டை நிறுத்துகிறோம். பத்தே நாளில் பழைய வழக்கத்திற்குத் திரும்புகிறோம். எடைக் குறைப்பும் வரவு செலவுக் கணக்கேயாகும்.

உணவு தரும் சக்தியைக் கலோரியால் அளக்கிறோம். மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி தரும்; கொழுப்பு 9 தரும்.

தறியை விட்டு இப்போது விற்பனை நிலையத்தில் அமர்ந்து பணி செய்யும் 45 வயது அங்கத்தினர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். உயரம் 165 செ.மீ., எடை 72 கிலோ. 1990இல் மிஃப்ளின், செயின்ட் ஜியோர் முதலிய அறிஞர்கள் வெளியிட்ட சூத்திரப்படி, எடையைப் பத்தால் பெருக்க 720, உயரத்தை 6.25ஆல் பெருக்க 1,031. இவற்றைக் கூட்டி, வயதின் ஐந்து மடங்கான 225ஐக் கழித்து, ஆணாதலின் 5ஐச் சேர்த்தால் 1,531 வரும். பெண்ணாயின் 5ஐச் சேர்க்காமல் 161ஐக் கழிக்க வேண்டும். அசையாது படுத்திருந்தாலும் உடல் செலவிடும் சக்தி இது. அமர்ந்து வேலை செய்பவராதலின் 1.4ஆல் பெருக்க, ஏறக்குறைய 2,140 கலோரி. நாள் முழுதும் மண்வெட்டி பிடிப்பவருக்கோ 1.7க்குக் குறையாது. குழித்தறி மிதித்த நாளின் சோற்றளவை நாற்காலிக்கு வந்த பின்னும் விடாததே பலருடைய தொல்லை.

இதில் 500 குறைத்து 1,640 கலோரி உண்டால், வாரத்திற்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக எடை இறங்கும். முதல் வாரம் கூடுதலாக இறங்கினால் மகிழ வேண்டா. அதில் பெரும்பகுதி நீரே.

1,640இல் பாதியை மாவுச்சத்துக்கு ஒதுக்குவோம்: 820ஐ நான்கால் வகுக்க 205 கிராம். பருப்பு, காய், பால் இவற்றில் வருவதற்கு 55 கிராம் விட்டால், எஞ்சுவது 150. நூறு கிராம் அரிசியில் சுமார் 78 கிராம் மாவுச்சத்து உண்டு. ஆகவே நாளைக்கு 190 கிராம் அரிசி. இதனைச் சமைக்கும் முன்பே நிறுத்துவிட வேண்டும். வெந்த சோறு நீரை ஏற்றுக்கொள்வதால் அதன் நிறை குழைவுக்கேற்ப மாறும்.

இனி, ஏட்டில் ஏறாத செலவைப் பார்ப்போம். நாளைக்கு ஐந்து தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை. கரண்டிக்கு 5 கிராம் எனில் 50 கிராம். அந்த 150இல் மூன்றிலொரு பங்கு தேநீரிலேயே கரைந்துவிடுகிறது! நிலக்கடலை பயிரிடும் அன்பர்கள் களத்தில் கொறிப்பதும் சிறிதன்று. நூறு கிராமுக்கு 560 கலோரிக்கு மேல். மீந்ததை வீணாக்க மனமின்றி இல்லத்தரசியர் உண்பதும் வரவிலேயே சேரும்.

நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ கொள்வோர், மருத்துவரைக் கேளாமல் மாவுச்சத்தைக் குறைக்கலாகாது. இரத்தச் சர்க்கரை அபாயமாகத் தாழ்ந்துவிடக்கூடும். கருவுற்றோர்க்கும் பாலூட்டுவோர்க்கும் இக்கணக்கு உரியதன்று.

வாரம் ஒரு முறை, காலையில், அதே தராசில் நிறுத்துக் குறித்து வருக. எடை 68 கிலோவானதும் தேவை 56 கலோரி குறைந்திருக்கும். அப்போது கணக்கை மறுபடி போட வேண்டும்.